அம்மன் கிணற்றில் போடாத மருந்து

எனக்கு வந்தது டைபாய்டு. எங்கள் பக்கத்தில் விஷக் காய்ச்சல் என்பார்கள். செங்கல்பட்டில் பெரிய ஆஸ்பத்திரியின் காய்ச்சல் வார்டில் முப்பத்து நான்கு நாள் படுத்திருந்தேன். இப்போது பழையசீவரத்தில், என் அத்தையின் தாய் வீட்டில் இருக்கிறேன். தலைமுடி பாதிக்கு மேல் கொட்டிவிட்டது. தெருக்கோடி வரை போய் வருவதற்குள் இரண்டு முறை உட்கார வேண்டியிருக்கிறது. பேனா பிடிக்க முடிகிறது. ஆகவே எழுதுகிறேன்.

உத்திரமேரூர் பக்கத்தில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நான் ஆய்வுக்கூட டெக்னீசியன். மெட்ராஸில் பயிற்சி பெற்றவள். சளி, ரத்தம், மலம் இவற்றை மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது ஒரு வேலை. சுற்று வட்டாரக் கிணறுகளுக்கு பிளீச்சிங் பவுடர் அளந்து கொடுத்து, போட்ட பின் அது சரியாகக் கலந்ததா என்று சோதிப்பது இன்னொரு வேலை. இந்தக் காய்ச்சல் எந்த வழியாக வரும் என்று எங்கள் ஊரில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் கிடையாது. அந்த ஊரில் முதலில் படுத்தவள் நான்தான்.

என் தாய்மாமன் எத்திராஜ் எங்கள் ஊர்ப் பஞ்சாயத்துத் தலைவர். அவரைப் பற்றி முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அது தெரியாவிட்டால் நான் செய்த முட்டாள்தனம் யாருக்கும் புரியாது.

நான் பத்தாவது படித்த வருஷம் ஐப்பசியில் செய்யாறு திடீரென்று பெருகியது. நான் வந்த பஸ் தரைப்பாலத்தின் நடுவில் நின்றுவிட்டது. தண்ணீர் சீட்டு வரை ஏறியதும் எல்லோரும் கூரைமேல் ஏறினோம். கரையில் ஊரே நின்று கத்தியதே தவிர யாரும் இறங்கவில்லை. மாமா தேர் வடத்தை எடுத்துவரச் சொல்லி, ஒரு முனையைப் புளியமரத்தில் கட்டி, மறுமுனையை இடுப்பில் சுற்றிக்கொண்டு இறங்கினார். ஒவ்வொருவராகத் தோளில் தூக்கிக் கரை சேர்த்தார். கடைசிக்கு முந்தியவள் நான். கடைசி ஆள் கண்டக்டர். கரையில் என்னை இறக்கிவிட்டு, "பொஸ்தகப் பை எங்கம்மா?" என்றார். போய்விட்டது என்றேன். "போவட்டும், வேற வாங்கிக்கலாம்" என்று சொல்லிவிட்டு ஓரமாகப் போய் வாந்தி எடுத்தார். பிறகு கலெக்டர் வந்து மாலை போட்டார். அந்தப் போட்டோ பஞ்சாயத்து ஆபீசில் மாட்டியிருக்கிறது.

அது பொய் இல்லை. அது நடந்தது. அந்தத் தோளில் நான் இருந்தேன்.

இனி கிணற்று விஷயம். ஆடி மூன்றாம் ஞாயிறு எங்கள் ஊர் அம்மனுக்குக் கூழ் வார்ப்பார்கள். கேழ்வரகு மாவை முதல் நாளே கரைத்துப் புளிக்கவைத்து, நொய் சேர்த்துக் காய்ச்சி, ஆறிய பின் பச்சைத் தண்ணீரும் மோரும் விட்டுக் கரைத்து, ஊரெல்லாம் வரிசையில் நின்று வாங்கிக் குடிப்பார்கள். காய்ச்சும் சூட்டில் கிருமி சாகும். ஆறிய பின் விடுகிற பச்சைத் தண்ணீரில் சாகாது. அந்தத் தண்ணீர் கோயில் கிணற்றுத் தண்ணீராக இருக்க வேண்டும் என்பது முறை. காப்புக் கட்டிய நாளிலிருந்து கூழ் வார்த்து முடியும்வரை பெண்கள் அந்தக் கிணற்று மேடையில் கால் வைக்கக்கூடாது என்பதும் முறை. காப்புக் கட்டிய ஆண்கள் இறைத்துக் குடத்தில் ஊற்றித் தருவார்கள். மற்ற நாட்களில் ஊரில் பாதிப் பேர் குடிப்பதும் அதே தண்ணீர்தான்.

இந்த வருஷம் ஆனியிலேயே மழை பிடித்துக்கொண்டது. கோயிலுக்குப் பின்னால் இருக்கும் குட்டை வழிந்து, கிணற்று மேடையின் வெடிப்பு வழியாக உள்ளே இறங்கியதை நானே பார்த்தேன். குட்டைக் கரை எதற்குப் பயன்படுகிறது என்பதை எழுத வேண்டியதில்லை. கிணற்றின் குறுக்களவு, தண்ணீரின் ஆழம் இரண்டையும் வைத்துக் கணக்குப் போட்டேன். முந்நூறு கிராம் பவுடர் வந்தது. தடித்த காகிதத்தில் பொட்டலம் கட்டி, மேலே "அம்மன் கோயில் கிணறு, 300 கிராம்" என்று எழுதினேன். நான் மேடை ஏற முடியாது. மாமா காப்புக் கட்டியிருந்தார். அவர் கையில் கொடுத்து, பக்கெட்டில் குழம்பாகக் கரைத்து, அடியில் மண்டி தங்கியதும் மேல்தெளிவை மட்டும் இறுத்து, கயிற்றில் கட்டி இறக்கித் தண்ணீருக்குள்ளேயே ஆட்ட வேண்டும் என்று சொன்னேன்.

"எத்தினி வாட்டி பண்ணிக்கீறன். எனுக்கே பாடம் எடுக்கிறியா?" என்று சிரித்தார்.

ஞாயிறு காலை போய்ப் பார்த்தேன். மேடையில் வெள்ளையாகச் சிந்தியிருந்தது. பக்கெட் விளிம்பில் வெள்ளை. சரி, போட்டாயிற்று என்று நினைத்தேன்.

கூழ் ஊற்றும் நேரத்தில் பெண்கள் பக்கம் ஒரு முணுமுணுப்பு. "அம்மா கூழுல மருந்து வாடை அடிக்கும்டி. யாரு குடிப்பாங்க?" மாமா ஒரு சொம்பு தண்ணீர் இறைத்து வரச் சொல்லி எல்லோருக்கும் தெரியும்படி தூக்கிப் பிடித்தார்.

"மருந்து போட்டாச்சு. என் அக்கா பொண்ணு அளந்து குட்த்தது. வாடை கீதா, வந்து மோந்து பாருங்க!" என்றார். மடமடவென்று பாதியைக் குடித்தார். மீதியை என்னிடம் நீட்டினார். "நீயும் குடிம்மா. அவுங்க பாக்கட்டும்."

என் தோள்பையில் சோதனைக் குழாயும் சிறிய மருந்துப் புட்டியும் இருந்தன. தண்ணீரில் அந்த மருந்தைச் சில சொட்டு விட்டால், பவுடர் கலந்திருந்தால் மஞ்சளாகும். கலக்காவிட்டால் நிறம் வராது. அரை நிமிஷ வேலை. தண்ணீரில் வாடையே இல்லை என்பது எனக்கு உறைத்தது. ஆனால் அந்த இடத்தில் புட்டியை வெளியே எடுப்பது, ஊரைக் கூட்டி வைத்து, "மாமா, நீ சொல்வது உண்மையா?" என்று கேட்பதற்குச் சமம். நான் எடுக்கவில்லை. வாங்கிக் குடித்தேன். அதன் பிறகு வரிசை நகர்ந்தது. நானும் சின்ன வெங்காயத்தோடு இரண்டு டம்ளர் கூழ் குடித்தேன். கூழ் நன்றாகத்தான் இருந்தது.

மறுநாள் பதிவேட்டில் அந்தக் கிணற்றுக்கு நேராக "மஞ்சள் நிறம்: உண்டு" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். என் வேலையில் நான் எழுதிய முதல் பொய் அது.

பன்னிரண்டாம் நாள் தலைவலி. மறுநாள் காய்ச்சல். இந்தக் காய்ச்சல் படி ஏறுவதுபோல ஏறும். காலையில் சற்று இறங்கி, மாலையில் முந்தின நாளைவிட ஒரு படி மேலே போகும். நாக்கின் நடுவில் வெள்ளை படிந்து ஓரம் சிவக்கும். நான் தினமும் நான்கு முறை தெர்மாமீட்டர் வைத்து எழுதினேன். எழுதிய கோட்டைப் பார்த்ததும் எனக்குச் சந்தேகம் வந்தது. எங்கள் சுகாதார நிலையத்து டாக்டருக்கும் அதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். வீட்டுக்கு வந்து பார்த்தவர், பக்கத்தில் நின்ற மாமாவைக் கேட்டார்.

"கோயில் கிணத்துக்கு பவுடர் போட்டீங்களா தலைவரே?"

"போட்டம் சார். பாப்பாவே டெஸ்ட் பண்ணி நோட்டுல எழுதிக்கீதே."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். மாமா சொன்னது பொய் என்று அப்போது எனக்குத் தெரியாது. நான் எழுதியது பொய் என்று மட்டும் தெரியும். காரணம் தண்ணீர் இல்லையென்றால் மலேரியாவாக இருக்கும் என்று முடிவாகி, கசப்பு மாத்திரை கொடுத்தார்கள். ஒரு வாரம் அப்படிப் போயிற்று. எட்டாம் நாள் நான் ஏதோ உளற ஆரம்பித்ததாக அம்மா சொல்கிறாள். மாமாதான் கார் பிடித்து வந்து, என்னை இரண்டு கையால் தூக்கி உள்ளே படுக்கவைத்தாராம்.

செங்கல்பட்டில் ரத்தம் எடுத்தார்கள். வைடால் சோதனை என்று ஒன்று உண்டு. நானே பலருக்குச் செய்திருக்கிறேன். ரத்தத்தின் தெளிநீரைப் பல மடங்காக நீர்த்து, செத்துப்போன டைபாய்டு கிருமிகளோடு கலந்து வெந்நீரில் வைத்துப் பார்ப்பது. உடம்பு அந்தக் கிருமியோடு ஏற்கெனவே சண்டை போட்டிருந்தால், அவை கட்டிக்கட்டியாகச் சேர்ந்து அடியில் படியும். எனக்குப் படிந்தது. ஆறு மணி நேரத்துக்கு ஒரு குளோராம்பெனிகால் கேப்சூல் கொடுத்தார்கள். ஏப்பம் விட்டால் கூட அதன் கசப்பு. கெட்டியாக எதுவும் சாப்பிடக்கூடாது. இந்தக் கிருமி சிறுகுடலின் சுவரில் புண் உண்டாக்கும். கெட்டியான உணவு பட்டால் அது ஓட்டையாகிவிடலாம்.

அம்மா கொண்டுவந்த பையில் இருந்தவை: அலுமினியக் கூஜா, இரண்டு சேலை, ஒரு பழைய வேட்டி, பார்லி டப்பா, அம்மன் கோயில் விபூதி, என் நோட்டு, பேனா. பெண்கள் வார்டில் ஆண்கள் தங்கக்கூடாது என்பதால் நைனா வெளியே வேப்பமரத்தடியில் இருந்தார். எங்கள் வீட்டில் ஒரு நாள்கூட அடுப்படிக்குள் வராத மனுஷர், மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் பார்லி காய்ச்சி, புதுத் துண்டில் வடிகட்டி அனுப்பினார். முதல் நாள் அடி பிடித்திருந்தது. அம்மா அதை அவரிடம் சொல்லப் போனபோது, "எதுக்கு சொல்றே, பாவம்" என்று தடுத்துவிட்டுக் குடித்தேன். மூன்றாம் நாளிலிருந்து நன்றாகக் காய்ச்சினார்.

ஐந்தாம் நாள் பக்கத்துக் கட்டிலுக்கு எங்கள் ஊர்க் கீழத்தெரு சின்னப்பொண்ணு அக்கா வந்து சேர்ந்தாள். அவளுக்கும் அதே காய்ச்சல். ஊரில் இன்னும் ஆறு பேர் படுத்திருக்கிறார்கள் என்று அவள் சொல்லித்தான் தெரியும். காய்ச்சல் சற்று இறங்கியதும் என் மேல் பாய்ந்தாள்.

"நீ வுட்ட மருந்துதான்டி எங்க வயித்துல கொதிச்சிக்கினு கீது."

"மருந்துல காய்ச்சல் வராதுக்கா. காய்ச்சல் வராம இருக்கத்தான் மருந்து."

"அப்ப எனுக்கு வந்துச்சே? அட, உனுக்கே வந்துச்சே! மருந்து போட்டவளே மல்லாந்துகினா நாங்க யாராண்ட போறது?"

வார்டு முழுக்கச் சிரித்தது. கஞ்சி ஊற்ற வந்த அம்மாள்கூடச் சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆனால் ஊரில் எல்லோருமே அப்படித்தான் பேசிக்கொள்கிறார்கள் என்று தெரிந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. மருந்து போட்டதால் காய்ச்சல் வந்தது. இனிமேல் அந்தக் கிணற்றில் யாரும் மருந்து போடக்கூடாது. ஊர் முடிவு அது.

மூன்றாவது வாரத்தில் ஒரு நாள் காலை, என் கட்டிலில் தொங்கிய அட்டையில் காய்ச்சல் கோடு சரசரவென்று கீழே இறங்கியது. அம்மா, "அம்மன் கண்ணத் தொறந்துட்டா" என்று விபூதி வைத்தாள். நான் என் மணிக்கட்டைப் பிடித்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நாடியை எண்ணினேன். நூற்று நாற்பது. காய்ச்சல் திடீரென்று இறங்கி நாடி ஏறினால், உள்ளே எங்கேயோ ரத்தம் போகிறது என்று பொருள். பயந்து அழக்கூட நேரமில்லை. "அம்மா, டாக்டரைக் கூப்பிடு. இப்பவே" என்றேன். மதியத்துக்குள் மலம் தார் போலக் கறுப்பாகப் போயிற்று. குடல் புண்ணிலிருந்து ரத்தம். உடனே ரத்தம் ஏற்ற வேண்டும், சொந்தக்காரர்கள் யாராவது கொடுக்கவேண்டும் என்றார்கள். நைனாவின் ரத்தம் சேரவில்லை. அம்மாவுக்குச் சோகை. சேதி போய், மாமா மோட்டார் சைக்கிளில் ஒருவனை ஓட்டச் சொல்லி வந்து சேர்ந்தார். அவர் ரத்தம் சேர்ந்தது.

"ஒரு பாட்டில் போதும்னு சொல்லாதீங்க சார். இன்னொண்ணும் எடுங்க. நான் நிப்பேன்" என்று அவர் வராந்தாவில் டாக்டரோடு வாதாடியது உள்ளே கேட்டது. டாக்டர் ஒரு பாட்டில்தான் எடுத்தார். அது சொட்டுச் சொட்டாக என் கையில் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன்.

"ஆத்துலயும் காப்பாத்துனாரு, இங்கியும் காப்பாத்துனாரு. தெய்வம்டி அந்த மனுசன்" என்றாள் சின்னப்பொண்ணு அக்கா.

ஆமாம் என்றேன். மனதார.

நான்கு நாள் கழித்து மாமாவின் மனைவி, என் அத்தை தனபாக்கியம் தனியாக வந்தாள். அம்மாவை, "நீ போய் மரத்தடியில அண்ணன்கூட ஒரு வாய் சாப்ட்டு வா, நான் கீறன்" என்று அனுப்பிவிட்டாள். அத்தை அதிகம் பேசுகிறவள் இல்லை. வந்து உட்கார்ந்து, கூடையில் மேலே இருந்த சேலையை எடுத்துவிட்டு அடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து என் மடியில் வைத்தாள். பிரிக்க வேண்டியிருக்கவில்லை. மூக்கை அறுக்கும் வாடை. மேலே என் கையெழுத்து.

"சாக்கு எடுக்க பரண் மேல ஏறுனேன். இது இருந்துச்சு. இது நீ குட்த்ததுதான?"

"ஆமா. அப்ப கிணத்துல போட்டது?"

"சுண்ணாம்பு. செவுத்துக்கு அடிக்க வாங்கி வெச்ச கிளிஞ்ச சுண்ணாம்பு. நான் கேட்டேன், அவரே ஒத்துக்கினாரு. கோயில் ஆளுங்க நாலு பேரு முந்தின நாளு வந்து ஒக்காந்துகினாங்களாம். அம்மா கூழு வாடை அடிச்சா ஊரே குடிக்காது, அப்பால நீ தலைவரு இல்லன்னாங்களாம். உனுக்கு வெள்ளையா தெரியணும்னு சுண்ணாம்ப கரைச்சி ஊத்திட்டாரு."

எந்தக் குழப்பத்திலும் விஷயங்களை வரிசையாக அடுக்கிக்கொள்வது என் பழக்கம். அப்போதும் அடுக்கினேன். ஒன்று: அந்தக் கிணற்றுக்கு ஆனி மழைக்குப் பின் மருந்தே விழவில்லை. இரண்டு: ஊர் இன்றும் அதைத்தான் குடிக்கிறது. மூன்று: என் பதிவேட்டை நம்பி டாக்டர் கிணற்றை விட்டுவிட்டு வேறெங்கோ தேடுகிறார். நான்கு: என் மாமா அது வெறும் சுண்ணாம்புத் தண்ணீர் என்று தெரிந்தே சொம்பை என் கையில் கொடுத்தார்.

முதல் மூன்றை நோட்டில் எழுதினேன். நான்காவதை அன்று எழுத முடியவில்லை.

"அழுவாதடி" என்றாள் அத்தை. நான் அழுகிறேன் என்பதே அப்போதுதான் தெரிந்தது.

மறுநாள் மாமா வந்தார். ரத்தம் கொடுத்தவர் என்பதால் வார்டுக்குள் வர அவரை யாரும் தடுப்பதில்லை. சாத்துக்குடி வாங்கி வந்திருந்தார். பொட்டலம் என் தலையணைக்குப் பக்கத்தில் இருந்தது. பார்த்தார். ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"நாலு பேரு சேந்து வந்து நின்னாங்க பாப்பா. நான் இன்னா பண்றது?"

"அவங்களுக்குப் போடலன்னு சொல்லியிருக்கலாம். எனக்கும் போடலன்னு சொல்லியிருக்கலாம். எனக்கு ஏன் குடுத்த?"

"நானும்தான குட்ச்சேன்."

"நீ தெரிஞ்சு குடிச்ச மாமா. எனக்குத் தெரியாது."

சாத்துக்குடியை உரிக்க ஆரம்பித்தார். "அம்மன் தண்ணி, உனுக்கு ஒண்ணும் ஆவாதுன்னு நெனச்சிட்டேன்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "டாக்டரு கேட்டா போட்டதாவே இருக்கட்டும்மா. நீ எழுதனதும் அப்டிதான கீது. உனுக்கும் வேல போவாது. நான் யாருக்கும் தெரியாம பவுடரு வாங்கியாந்து போட்டுர்றேன்" என்றார்.

"ஊரே மருந்தாலதான் காய்ச்சல்னு சொல்லுது. இனிமே போட விடமாட்டாங்க. மருந்து போடவே இல்லன்னு நீ சொன்னாத்தான் நம்புவாங்க. கோயில் வாசல்ல நின்னு ஒரு வார்த்தை சொல்லு மாமா."

"வோணும்னா இன்னொரு பாட்டில் ரெத்தம் எடுத்துக்கச் சொல்லு. இத மட்டும் கேக்காத."

அவர் அதை நிஜமாகவே சொன்னார். சட்டைக் கையை மடித்துவிட்டுக் கொண்டேதான் சொன்னார். பழத்தை உரித்து முடித்துத் தட்டில் வைத்துவிட்டு எழுந்து போனார்.

அன்றே எங்கள் டாக்டருக்குக் கடிதம் எழுதினேன். கிணற்றில் பவுடர் போடப்படவில்லை. நான் சோதிக்காமல் சோதித்ததாக எழுதியது என் குற்றம். உடனே ஆள் அனுப்பி மருந்து போடுங்கள். நான்கு முறை கிழித்து எழுதினேன். கடிதத்தையும் பொட்டலத்தையும் அத்தை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். டாக்டரிடம் சேர்த்துவிட்டுப் பேசாமல் வீட்டுக்குப் போயிருக்கலாம். போகவில்லை. கோயில் எதிரில் தண்ணீருக்கு நின்ற பெண்களிடம் நடந்ததைச் சொல்லியிருக்கிறாள். "புருசன ஊரு சிரிக்க வெக்கிறாளே, இவளும் ஒரு பொம்பளையா" என்று திட்டினார்களாம். நாலு பேர் போய் மாமாவையே அழைத்து வந்தார்கள். "தலைவரே, உங்க வூட்டம்மா சொல்றது மெய்யா?" என்று கேட்டார்கள். மாமா தரையைப் பார்த்துக்கொண்டு, "வூட்டுக்குப் போடி" என்று மட்டும் சொன்னார். அத்தை வீட்டுக்குப் போய் இரண்டு சேலையை எடுத்துக்கொண்டு பழையசீவரம் வந்துவிட்டாள்.

நான் கண்ணால் பார்க்காத இந்த இடத்தை அம்மா சொல்ல எழுதுகிறேன். சொல்லும்போது அம்மா தன் தம்பி பெயரை ஒரு முறைகூடச் சொல்லவில்லை.

டாக்டர் தாசில்தார் ஆபீஸ் ஆளை நிற்கவைத்து ஒரு முறை மருந்து போட்டார். எனக்கு விளக்கம் கேட்டு ஒரு மெமோவும் வந்தது. அது நியாயம்தான். ஆனால் ஒரு முறை போட்டால் போதாது. வெடிப்பைப் பூசும்வரை, மழைக் காலம் முடியும்வரை, வாரம் ஒரு முறையாவது போட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

சின்னப்பொண்ணு அக்காவுக்கு என்னைவிடச் சீக்கிரம் குணமாயிற்று. எங்கள் இருவர் கட்டிலுக்கும் நடுவே இரண்டு முழ இடைவெளி. அத்தை சொன்னதும் மாமா சொன்னதும் அவள் காதில் விழாமல் இருந்திருக்க வழியில்லை. கிளம்புகிற நாளில் கேட்டேன். "அக்கா, நீங்க கேட்டீங்க இல்ல? ஊர்ல சொல்லுங்க."

துணியை மூட்டை கட்டிக்கொண்டே சொன்னாள். "கேட்டேன் கண்ணு. பொய் சொல்ல மாட்டேன், எல்லாம் கேட்டேன். ஆனா என் பையனுக்கு தலைவருதான் ரேசன் கடையில வேல சொல்லிக்கீறாரு. நான் இன்னாத்துக்கு அவர பகைச்சிக்கணும்? நீயே சொல்லு." என் கன்னத்தைத் தடவிவிட்டு, "முடி மொளைச்சிடும், கவலப்படாத" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

காய்ச்சல் நின்றாலும் உடனே விடமாட்டார்கள். சிலருடைய உடம்பில் நோய் போன பிறகும் கிருமி தங்கி, மலத்தில் வந்துகொண்டே இருக்கும். அதனால் சில நாள் இடைவெளிவிட்டு மூன்று முறை சோதித்தார்கள். மூன்றிலும் இல்லை. என் எடை முப்பத்தைந்து கிலோ. மாமா கார் அனுப்புவதாகச் சொல்லி அனுப்பினார். நான் நைனாவிடம், "அத்தைகிட்டப் போறேன்" என்றேன். அவர் ஸ்டவ்வை எடுத்துச் சாக்கில் கட்டிக்கொண்டு, என்னைப் பழையசீவரத்தில் கொண்டுவந்து விட்டுவிட்டு ஊருக்குப் போனார்.

இங்கே வந்த இரண்டாம் வாரம் எங்கள் கம்பவுண்டரிடமிருந்து கடிதம் வந்தது. பவுடர் கொண்டுபோன ஆளை இந்த வாரமும் ஊரார் திருப்பி அனுப்பிவிட்டார்கள். புதிதாக மூன்று பேருக்குக் காய்ச்சல். பெயர்களும் எழுதியிருந்தார். மூன்று பேரும் எனக்குத் தெரிந்தவர்கள். ஒருத்தி ஏழு மாதக் கர்ப்பிணி.

அடுத்த நாள் மாமா வந்தார். நல்ல வெயில். வேட்டி நுனியைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார். அத்தை எனக்குக் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தாள்.

"கெளம்பு. வூடு வூடா இல்ல" என்றார்.

"ஊருல சொல்லிட்டியா?" என்றாள் அத்தை, டம்ளரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"தனம், நீ இன்னா வெளயாடுறியா? ஆத்து வெள்ளத்துல எறங்கினப்ப எனுக்கு பயம் இல்ல. செத்தா நான் ஒருத்தன். இது அப்டியில்ல. நாளைக்கி தெருவுல போவச்சொல்ல ஒருத்தன் மொகத்த திருப்பிக்கினா, என்னால தாங்க முடியாது."

முகத்தில் பொய் இல்லை. நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

அத்தை கம்பவுண்டர் எழுதிய கடிதத்தை எடுத்து அவரிடம் நீட்டினாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. நான் படித்துக் காட்டியதில் பெயர்களை மட்டும் மனப்பாடம் செய்திருந்தாள். மூன்று பெயரையும் சொன்னாள். கர்ப்பிணியின் பெயரைச் சொன்னபோது மாமாவின் கை கடிதத்தோடு அப்படியே நின்றது.

"சொல்லிட்டு வாய்யா. சோறு போடறேன்" என்றாள்.

அவர் கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். ஆற்றில் இறங்கினவர்தானே என்று நினைத்தேன். அத்தையும் நினைத்திருக்க வேண்டும். மறுநாள் உலையில் ஒரு ஆழாக்கு அரிசி கூடுதலாகப் போட்டாள். அதற்கடுத்த நாளும் போட்டாள்.

இன்றோடு ஒன்பது நாள். மாமா ஊரில் ஒன்றும் சொல்லவில்லை, இங்கேயும் வரவில்லை.

இன்று மருந்து போட வேண்டிய நாள். விடிந்ததும் அத்தை அரிசியை அளவாகக் களைந்து, எனக்குக் கஞ்சி வைத்து மூடிவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகினாள். "டாக்டராண்ட ஆள அனுப்பச் சொல்லு, நான் கிணத்தாண்ட ஒக்காந்துக்கறேன்னு ஒரு சீட்டு எழுதிக்குடு" என்றாள். எழுதிக் கொடுத்தேன். நானும் வருகிறேன் என்றதற்கு, "நீ நின்னா காத்து தூக்கிக்கினு போயிடும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மதியம் மூன்று மணி பஸ்ஸில் கம்பவுண்டர் நேரில் வந்து சொன்னார். அத்தை காலையிலிருந்து கிணற்று மேடைமேல் உட்கார்ந்துவிட்டாளாம். இறங்கு என்றார்கள், இறங்கவில்லை. பெண்கள் கத்தினார்கள், பதில் பேசவில்லை. யாரோ சாணியைக் கரைத்துத் தலையில் ஊற்றினார்கள். அது கிணற்றில் சிந்திவிடாமல் இருக்க அவள் முந்தானையை விரித்துப் பிடித்துக்கொண்டு தள்ளி மட்டும் உட்கார்ந்தாளாம். பிறகு கூட்டம் மெல்லக் கலைந்தது. பவுடரைக் கரைத்து இறக்கியாகிவிட்டது. கம்பவுண்டரே சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறினாராம்.

"மாமா?" என்று கேட்டேன்.

"பஞ்சாயத்து ஆபீஸ் கதவு சாத்தியிருந்தது" என்றார்.

"அத்தை எங்கே?"

"சேலை எல்லாம் சாணி. இப்படியே பஸ்ல ஏறினா கண்டக்டர் எறக்கி வுட்டுடுவான், ஏரியில குளிச்சிட்டு அடுத்த வண்டியில வரேன், அடுத்த வாரத்துக்கும் சீட்டு எழுதி வெக்கச் சொல்லுன்னு உங்ககிட்ட சொல்லச் சொன்னாங்க."